கூடும் உரிமையும் உயிர்ப் பாதுகாப்பும்: சிவகாசி வட்டாரப் போராட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் இரண்டு இடங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒன்று ஆலை வாசலில். மற்றொன்று அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு முன்னால். நிவாரணம் அறிவிக்காமல் உடலை வாங்கமாட்டோம் என்று உறவினர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் வந்து சேர்வார்கள். சாலை மறியல் தொடங்கும். டி.எஸ்.பி.யும் சப்-கலெக்டரும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். இந்த வட்டாரத்தில் போராட்டத்தின் மிகப் பழகிய உருவம் இதுதான்.

சட்டம் எதிர்பார்க்கும் போராட்டம் வேறு மாதிரியானது. அதில் அமைப்பாளர் ஒருவர் இருப்பார். சில நாள் முன்னதாகவே மனுக் கொடுப்பார். இடம், நேரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் அதில் எழுதியிருக்கும். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போன மகள் மதியத்துக்குள் அடையாளம் தெரியாத உடலாகக் கிடக்கும்போது மனு எழுத யாரும் உட்காருவதில்லை. போராட்டக்காரரின் உரிமைகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் திட்டமிட்ட கூட்டங்களுக்கே பொருந்துகின்றன. துக்கத்தில் சேரும் கூட்டத்துக்கு அவை உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஆகவே இந்த அறிவு விபத்துக்கு முன்பே ஊரில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்கிலிருந்து காத்துக்கொள்வதும் உயிரைக் காத்துக்கொள்வதும் இங்கே ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள். பிரித்துப் படிக்க முடியாதவை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய நியாய சன்ஹிதா ஆகிய சட்டங்களையே இங்கு அடிப்படையாகக் கொள்கிறேன். முன்னது பி.என்.எஸ்.எஸ். என்றும் பின்னது பி.என்.எஸ். என்றும் குறிக்கப்படும். மக்கள் நாவில் இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்திய தண்டனைச் சட்டம் ஆகியவற்றின் எண்களே புழங்குவதால் தேவையான இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

2. வட்டாரத்தின் போராட்ட வடிவங்கள்

2.1 விபத்துக்குப் பிந்தைய கூட்டம்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி ஆகிய இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் 14 பேர். இப்பட்டியல் இத்துடன் முடிவதில்லை என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். ஒவ்வொரு முறையும் ஆலை உரிமையாளர், போர்மேன், மேலாளர் மீது வழக்குப் பதிவாகிறது. வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) லைசென்ஸா, உள்குத்தகைக்கு விடப்பட்டதா என்ற கேள்விகள் எழுகின்றன. உடலை வாங்க மறுப்பது, அந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அதிகாரிகளை நகரவிடாமல் நிறுத்த எளியவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பிடி. அதைப் பணத்துக்கான பேரம் என்று இகழ்வோர் உண்டு. இந்தக் கூட்டம் கலைந்த மறுநாள் கோப்புகள் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை.

2.2 ஆலை மூடலை எதிர்த்த பேரணி

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்தது. பேரியம் உப்புகளைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே இடம் என்றது. தீபாவளி முடிந்ததும் திறக்க வேண்டிய ஆலைகள் அந்த ஆண்டு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தொழிலாளர்கள் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தைத் தேடிப் போனார்கள். உரிமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அப்போது கோரிக்கை ஒன்றாகவே இருந்தது.

இத்தகைய போராட்டம் குறித்து ஓர் ஐயம் எழுவது இயல்பு: நீதிமன்ற உத்தரவை எதிர்த்துத் தெருவில் நிற்கலாமா? நிற்கலாம். தீர்ப்பின் தகுதியை நேர்மையாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பதும், உத்தரவை நிறைவேற்ற வரும் அலுவலரைத் தடுப்பதும் வேறு கதை.

மற்றொரு வேறுபாடும் முக்கியம். தெருவில் கூடுவது ஒன்று, வேலையை நிறுத்துவது மற்றொன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் ஆக்குகிறது. பாதித் தொழிலாளர்களோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே நாளில் கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமே. விபத்துக்கு மறுநாள் ஊரே வேலைக்குப் போகாமல் நிற்பது இங்கு வழக்கம். அந்த வழக்கம் இனி சட்டத்தின் எந்தப் பக்கம் விழும் என்பதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே பேசித் தெளிவடைய வேண்டும்.

2.3 உண்ணாவிரதம்

இம்மாவட்டத்தின் மிகப் பெரிய தனிமனிதப் போராட்டம் சங்கரலிங்கனாருடையது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். அந்த நோன்பின் முடிவில், அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர் வழியில் இன்று ஒருவர் அமர்ந்தால் பி.என்.எஸ். 226 குறுக்கே வரக்கூடும். பழைய 309ஆம் பிரிவு நீங்கிவிட்டது உண்மை. ஆனால் அரசு ஊழியரை ஒரு செயலுக்கு வற்புறுத்தும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வது ஓராண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றமாக வந்திருக்கிறது. கால வரையறையுள்ள அடையாள உண்ணாவிரதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. துண்டறிக்கையில் ‘சாகும்வரை’ என்று அச்சிடுமுன் யோசிக்க வேண்டும்.

திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மண்ணெண்ணெய்க் கேனோடு வருவதும் இதே பிரிவுக்குள் வரக்கூடும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்த துயரத்தை நாம் மறக்கவில்லை. சட்டப் பிரிவுக்காகச் சொல்லவில்லை. எந்தக் கோரிக்கைக்கும் அந்த விலை வேண்டாம்.

3. கூடுவதற்குச் சட்டம் தரும் இடம்

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு தருகிறது. 19(3) அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. இந்த இரண்டு வரிகளுக்கு இடையிலான இழுபறிதான் எழுபது ஆண்டுக் காலத் தீர்ப்புகள். இழுபறியின் இன்றைய நிலை ஓரளவு தெளிவானது. பொதுத்தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், முற்றாக மறுக்க முடியாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் கூறியது. பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்காருவதை ஏற்க முடியாது என்று 2020இல் ஷாகீன் பாக் வழக்கில் கூறியது. ஒரு மணி நேர ஆர்ப்பாட்டத்துக்கும் மூன்று நாள் மறியலுக்கும் சட்டத்தின் பார்வை ஒன்றல்ல என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

3.1 அனுமதியும் 30(2)உம்

மாவட்டங்களில் ‘30(2) அமலில் இருக்கிறது’ என்ற அறிவிப்பை அடிக்கடி கேட்கிறோம். 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் அப்பிரிவு கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துவதற்கானது. நடைமுறையில் அது நிரந்தரத் தடைபோல் பயன்படுகிறது. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் கேள்விக்கு உட்படுத்தியது. கரூர் மாவட்ட வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார். 30(2)இன் அதிகாரம் ஒழுங்குபடுத்தும் அளவில் நிற்க வேண்டும், ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் தடுப்பதாக இருக்கக்கூடாது என்பது அதன் ஒரு பகுதி. அரசு அலுவலர் உத்தரவை மீறியதாகச் சொல்லும் பழைய 188ஆம் பிரிவில் காவல்துறை தானே எஃப்.ஐ.ஆர். பதிய முடியாது, உரிய அலுவலர் எழுத்துமூலம் நீதித்துறை நடுவரிடம் புகார் தர வேண்டும் என்பது மற்றொரு பகுதி. அந்த 188 இன்று பி.என்.எஸ். 223; புகார் நடைமுறை பி.என்.எஸ்.எஸ். 215. எண் மாறியதே தவிர விதி மாறவில்லை. போராட்ட வழக்கில் சிக்கிய எவரும் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய தீர்ப்பு ஜீவானந்தம்தான் என்பது என் கருத்து.

திட்டமிட்ட கூட்டமானால் மனுவைக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழி மறுப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவது கடினம். எழுத்து மறுப்போடு மதுரைக் கிளைக்குப் போகலாம். திட்டமிடாத துக்கக் கூட்டத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே காப்பாற்றுவது ஒன்றுதான்: உட்கார்ந்திருக்கும் இடம் ஆம்புலன்ஸ் வழியை அடைக்காமல், மருத்துவமனை வேலையைத் தடுக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் உட்கார்ந்ததற்காக வருவதில்லை, வழியை மறித்ததற்காகவே வருகின்றன.

3.2 தடை உத்தரவு

பழைய 144 இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. அவ்வுத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையால் பிறப்பிக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது, மாநில அரசு நீட்டித்தால் ஒழிய. நியாயமான கருத்து வெளிப்பாட்டை நசுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘144 போட்டிருக்கு, கலைஞ்சு போங்க’ என்று சொல்லப்பட்டால் உத்தரவின் நகலைப் பணிவாகக் கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு என்பதற்காக அங்கேயே நின்று வாதிடுவது அறிவல்ல. நகலை வாங்கி வெளியே வந்து வழக்கறிஞரிடம் சேர்ப்பதே பயன் தரும்.

3.3 சட்டவிரோதக் கூட்டம்

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். பி.என்.எஸ். 189 அப்படிச் சொல்லவில்லை. குற்றவியல் வன்முறையால் அரசை மிரட்டுவது, சட்ட நடவடிக்கையைத் தடுப்பது, சொத்தைச் சேதப்படுத்துவது, அத்துமீறி நுழைவது போன்ற பொது நோக்கம் வேண்டும். தண்டனை ஆறு மாதம் வரை. கலைந்து போகும்படி ஆணையிட்ட பிறகும் நிற்பவர்களுக்கு அது இரண்டாண்டு வரை போகிறது. ஒலிபெருக்கியில் வரும் கலையும் ஆணையை அதனால் அலட்சியம் செய்யக்கூடாது. அந்த நொடியில் வழக்கின் எடை மாறுகிறது.

பி.என்.எஸ். 190 இன்னும் கடுமையானது. கூட்டத்தில் ஒருவர் கல்லெறிந்து, அது பொது நோக்கத்தின் பகுதி என்று நிறுவப்பட்டால், அங்கிருந்த ஒவ்வொருவரும் பொறுப்பாளி. பேருந்துக் கண்ணாடி உடைந்தால் 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் கூடவே வரும். கல் எடுப்பவரைத் தடுக்க முடியாவிட்டால் அவரிடமிருந்து விலகுங்கள். விலகியது படத்தில் தெரிந்தால் நல்லது.

3.4 வெடிபொருள்

இது சிவகாசிக்கே உரிய எச்சரிக்கை. ஆர்ப்பாட்டத்தில் தடையை எதிர்த்து ஒரு சரத்தைக் கொளுத்திக் காட்டுவது, பட்டாசு மாலை அணிவது, மாதிரிக்காக மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது வேறெங்கும் யாருக்கும் தோன்றாது. இங்கே இயல்பாகத் தோன்றும். ஆயுதமின்றிக் கூடுவதற்குத்தான் அரசியலமைப்பின் காப்பு. ஒரு பொட்டலம் மருந்து அந்தக் காப்பை உடைத்து 1908ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டம்வரை வழக்கை இழுத்துவிடும். வேலை முடிந்து நேராகப் போராட்டத்துக்கு வருபவர்கள் பை, டிபன் பாக்ஸ், சேலை மடிப்பில்கூடத் திரியோ மருந்தோ இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கைதும் கல்யாண மண்டபமும்

தமிழ்நாட்டுப் போராட்டக்காரர்கள் பலருக்குக் கைது என்றால் சிறையல்ல, கல்யாண மண்டபம். வேனில் ஏற்றுகிறார்கள். மண்டபத்தில் இறக்குகிறார்கள். ஒரு காவலர் நீளமான நோட்டில் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், செல்போன் எண் எழுதிக்கொண்டு வரிசையாக வருகிறார். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். மாலை ஆறு மணிக்கு மேல் ‘எல்லாரும் போகலாம்’. வீட்டுக்கு வந்து குளித்துத் தூங்கி விடுகிறார்கள். சில மாதம் கழித்துச் சம்மன் வருகிறது. அல்லது மகன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் காவலர் தேர்வு எழுதும்போதும் நன்னடத்தைச் சரிபார்ப்பில் வழக்கு எண் ஒன்று எழுந்து நிற்கிறது.

அந்த மண்டபத்தில் இருந்த நிலை எது என்பதே முதல் கேள்வி. மூன்று விதமாக இருக்கலாம். பி.என்.எஸ்.எஸ். 170இன்கீழ் (பழைய 151) முன்னெச்சரிக்கைக் கைது: 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. பி.என்.எஸ்.எஸ். 172இன்கீழ் காவலர் கட்டளையை மீறியதால் அப்புறப்படுத்தியது: இது 2024இல் வந்த புதிய பிரிவு, சிறு விஷயமானால் விரைவில், 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும். மூன்றாவது, எஃப்.ஐ.ஆர். பதிந்து கைது செய்து காவல் நிலைய ஜாமீனில் விட்டது. வெளியே வருமுன் ‘எங்கள் மேல் வழக்கு இருக்கிறதா, குற்ற எண் என்ன?’ என்று ஒருவராவது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்து வேண்டாம். கைநாட்டு வைப்பவருக்கு அருகில் இருப்பவர் படித்துச் சொல்லட்டும்.

முறையான கைதானால் சட்டம் தரும் காப்புகள் பல. கைதுசெய்யும் அலுவலரின் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தவரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இவை 1996இல் டி.கே. பாசு தீர்ப்பில் உருவாகிப் பின் சட்டமானவை. கைதின் காரணத்தைப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்பதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்து 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உறவினருக்குத் தகவல், வழக்கறிஞரைச் சந்திப்பது, மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துவது ஆகியவை யாரும் பறிக்க முடியாதவை.

பட்டாசுத் தொழிலில் பெண்களே பெரும்பான்மை என்பதால் ஒரு விதியை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைதுசெய்யக்கூடாது. விதிவிலக்கான சூழ்நிலையில் பெண் காவல் அலுவலர் எழுத்துமூலம் அறிக்கை தந்து நடுவரின் முன்அனுமதி பெற வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 43(5) இது. அடுத்து முதியோர். மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு அறுபது வயதைக் கடந்தவரையும் உடல் நலிந்தவரையும் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அலுவலரின் அனுமதியின்றிக் கைதுசெய்ய முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. சிறார் நீதிக் குழுமத்திடம்தான் கொண்டுபோக வேண்டும்.

காவலில் அடித்திருந்தால் நடுவரிடம் சொல்லுங்கள். ரிமாண்டுக்கு நிறுத்தும்போது ‘ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்கும் அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் அச்சத்தில் வீணாகிறது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் காயம் எப்படி ஏற்பட்டது என்று நீங்கள் சொன்னபடி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஏ.ஆர். காப்பி வாங்குங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிழல் இருக்கிறது: குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர்மீது அது பாய்ந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் ஆறு பேர் மீதான உத்தரவை அரசே சில நாளில் விலக்கிக்கொண்டது. நிலத்துக்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், தொழிற்பேரழிவில் பாதிக்கப்பட்டோருக்கும், காவலில் இருப்போருக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. பட்டாசுத் தொழிலாளி இந்தப் பட்டியலில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வகையில் அடங்குகிறார். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையமும் அங்கேதான். தேசிய உதவி எண் 15100.

5. உயிர்ப் பாதுகாப்பு

5.1 முதலிப்பட்டியின் பாடம்

முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்பு அவர்களை வாரிக்கொண்டது. ஆகையால் ஆலை வாசல் போராட்டக் களம் அல்ல. நியாயம் கேட்க ஆலைச் சுவர் வரை போகத் தேவையில்லை. தீயணைப்புத் துறை முற்றிலும் அணைந்துவிட்டது என்று சொல்லும்வரை கண்ணுக்கு எட்டும் தூரம்கூட அருகே என்றுதான் கொள்ள வேண்டும். இதைச் சொல்வது எளிது, மனைவி உள்ளே இருக்கும்போது கேட்பது எளிதல்ல. அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் ஓடுகிறவர்களைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பை இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும்.

5.2 வெளியேறும் வழி

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. தடியடி நடந்தபோது ஒரு பக்கம் காவலர்கள், மறுபக்கம் தாமிரபரணி. ஓட இடமின்றி ஆற்றில் இறங்கிய மக்களில் 17 பேர் உயிரிழந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அவர்களில் உண்டு. அங்கே நடந்த அரசு வன்முறையின் பொறுப்பு அரசுடையது. இருந்தும் ஊர்வலம் நடத்துவோர் அந்த நாளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: வெளியேறும் வழி இல்லாத இடத்தில் மக்களை நிறுத்தாதீர்கள்.

பட்டாசுத் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மருந்து அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வாசலில் பெட்டி அடுக்கக்கூடாது என்று அவர் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறார். அந்த அறையில் எப்படி வாசலை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறாரோ, அப்படியே கூட்டத்திலும் நிற்க வேண்டும்: பின்னால் என்ன இருக்கிறது, இடப்பக்கச் சந்து எங்கே போய்ச் சேரும், பிரிந்துபோனால் எந்தக் கடை வாசலில் சந்திப்பது.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 பேர் இறந்தனர். அங்கே துப்பாக்கிச் சூடு இல்லை; நெரிசலே உயிர்களைப் பறித்தது. நெரிசலில் மூச்சு முட்டத் தொடங்கினால் இரு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து இடைவெளி வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். கழன்ற செருப்பை எடுக்கக் குனியவே கூடாது. கைக்குழந்தையோடு முன்வரிசைக்கு வராதீர்கள், அமைப்பாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும்.

5.3 கலைக்கும் படை

கூட்டத்தைக் கலைக்க ஆணையிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கும், அவர் இல்லாதபோது எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாத அலுவலருக்கும் உண்டு. முதலில் ஆணை, பிறகே பலம், அதுவும் தேவையான அளவு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாளில் நடந்தது இதற்கு நேர்மாறு. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியானார்கள். துணை வட்டாட்சியர்களின் பெயரில் சுடும் உத்தரவு பதிவாகியிருந்தது. காவல்துறை வரம்பு மீறியதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சட்டம் இருந்தும் அது காக்கத் தவறிய அந்த நாளை நினைவில் வைத்தே சொல்கிறேன்: சுடும் ஓசை கேட்டால் கூட்டத்தின் நடுவே நின்று முழக்கமிட வேண்டாம். தரையோடு படுத்து, சுவருக்குப் பின்னால் போய், பிறகு விலகுங்கள்.

கண்ணீர்ப்புகை வந்தால் காற்று எதிர்ப்படும் திசையில் நகர்ந்து, கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். விழுந்த குண்டை எடுத்துத் திருப்பி எறிவது இவ்வட்டாரத்து இளைஞர்களுக்குக் கைப்பழக்கமாகத் தோன்றலாம். அது சுடச்சுட இருக்கும், கையை வேகவைக்கும், காவலரைத் தாக்கியதாக வழக்கும் சேரும்.

பருத்தி உடைதான் நல்லது. நைலான் தீயில் உருகித் தோலோடு ஒட்டும் என்பதைச் சிவகாசியில் சொல்லித்தர வேண்டியதில்லை. உடையில் அலுமினியத் தூள் படிந்திருந்தால் கொடும்பாவி எரிப்பு, டயர் எரிப்பு நடக்கும் பக்கமே போகக்கூடாது. தண்ணீர் பாட்டில், தினசரி மாத்திரை, அடையாள அட்டையின் நகல் போதும்; நகை வேண்டாம். செல்போன் தொலையலாம் என்பதால் வழக்கறிஞர் எண்ணையும் வீட்டு எண்ணையும் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பொது இடத்தில் நடப்பதைப் படமெடுக்கத் தடையில்லை. போனைக் கைப்பற்றினால் மகஜர் எழுதி ரசீது தரச் சொல்லுங்கள்.

6. பேச்சுவார்த்தையும் அதன் பிறகும்

பிணவறை முன் நடக்கும் பேச்சுவார்த்தையில் உறவினர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாக்குறுதி. ‘முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து இவ்வளவு, கம்பெனி தரப்பில் இவ்வளவு’ என்று சொல்லப்படும். அழுது களைத்தவர்கள் எழுந்து போவார்கள். அந்த வாக்குறுதியை ஒரு தாளில் எழுதி, பேசிய அலுவலரின் கையெழுத்தோடு வாங்கிய பின்பே உடலை வாங்குவது என்று ஊர்க் கூட்டம் முன்பே முடிவெடுத்திருந்தால் நிலைமை மாறும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். கூட்டம் அதையும் கேட்டு வாங்கலாம்.

கம்பெனி தரப்பில் வீட்டுக்கே வந்து பணம் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கும் நடைமுறைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. தொழிலாளி இறந்தால் சட்டப்படியான இழப்பீட்டை உரிய இழப்பீட்டு அதிகாரியிடம் செலுத்தியே வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் விதி. இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. உரிமையைக் கைவிடுவதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. எழுதிக்கொடுத்துவிட்ட குடும்பங்களும் தயங்காமல் அந்த அதிகாரியிடம் போகலாம்.

அச்சங்குளம் விபத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்து, இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்று 2021இல் நிர்ணயித்தது. தெருவில் கேட்கத் துணியாத தொகை அது. தெருவும் தீர்ப்பாயமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல; முதல் மணி நேரங்களில் உட்கார்ந்தவர்களால்தான் செய்தி டெல்லிவரை போகிறது.

கூட்டத்தில் உட்கார்ந்ததற்காக வந்த வழக்கை அப்படியே விட்டுவிடக்கூடாது. ஓராண்டுவரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு பி.என்.எஸ்.எஸ். 514 ஓராண்டுக் காலவரம்பு விதிக்கிறது; புகார் தந்த நாளோ எஃப்.ஐ.ஆர். பதிவான நாளோதான் கணக்கு. காலம் கடந்து பதிவான வழக்கை மதுரைக் கிளையில் ரத்து செய்யக் கோரலாம். அரசே போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதும் உண்டு. ஜல்லிக்கட்டு, குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு வழக்குகள் பலவற்றில் 2021இல் அப்படி அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தாலும் உங்கள் குற்ற எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீதிமன்ற எழுத்தரிடம் போய்ப் பார்த்து, இறுதி ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கிப் பீரோவில் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.